பட்டுச் சங்கம் மென்பொருள் தேர்ந்தெடுக்கும் இலக்கணம்

ஆரணியில் நெசவாளர் ஒருவர் முடித்த சேலையைக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொண்டுவந்தால், அது முதலில் போய் உட்காரும் இடம் தராசு. கரையின் நேர்த்தியும் முந்தியின் கொடியும் அதற்குப் பிறகுதான். பாவுக்குக் கொடுத்த பட்டு எத்தனை கிராம், ஊடைக்கு எத்தனை, ஜரிகை எத்தனை, சேலையாகவும் மிச்ச நூலாகவும் திரும்பி வந்தது எத்தனை என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் நோட்டில் எழுதுவார். எண்கள் பொருந்தினால் கூலி முழுதாகக் கைக்கு வரும். பொருந்தாவிட்டால் குறைந்த எடைக்கான பணம் கூலியில் பிடிக்கப்படும்.

அந்த நோட்டு இருந்த இடத்தில் ஒரு மென்பொருளை வைக்கும்போது, ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தை நிர்ணயிக்கும் வேலையை அதன் கையில் கொடுக்கிறோம். நாற்காலி வாங்குவதுபோல மூன்று விலைப்புள்ளி வாங்கி, மலிவானதற்கு ஆர்டர் போட்டு முடிக்கும் காரியம் இல்லை இது. இதற்கு ஓர் இலக்கணம் வேண்டும். அதை எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் களம். கமண்டல நாகநதிக் கரையில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் ஆரணியை வெளியூர்க்காரர்கள் அரிசியாலும் பட்டாலும் அறிவார்கள். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. ஊரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தறி நெசவாளருடையது, அதில் ஏறும் பட்டு பெரும்பாலும் வேறொருவருடையது. அவர் தனி முதலாளியாக இருக்கலாம், கூட்டுறவுச் சங்கமாகவும் இருக்கலாம். பொருள் ஒருவர் சொத்து, உழைப்பு இன்னொருவர் சொத்து, பொருள் கிடப்பதோ உழைப்பவர் வீட்டில். கடைவீதியில் கிடைக்கும் கணக்கு மென்பொருள்கள் பெரும்பாலும் ஒரு கடையையோ ஓர் ஆலையையோ மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சரக்கு கிடங்கில் இருக்கும், விற்றால் குறையும் என்பது அவை அறிந்த உலகம். முன்னூறு வீடுகளில், முன்னூறு தறிகளில், பாதி நெய்தபடி நிற்கும் சரக்கை அவற்றுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து பொருளின் இயல்பு. இங்கேதான் அதிக நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் தவறான தேர்வுகள் பெரும்பாலும் இதை விசாரிக்காமல் நடப்பவை. கச்சாப் பட்டு இழையின் மேல் செரிசின் என்ற பசை உண்டு. சாயம் ஏற்றுமுன் சோப்பு கலந்த கொதிநீரில் வேகவைத்து அதை நீக்குவார்கள். நீக்கினால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை போய்விடும். 10 கிலோவாகப் போன பட்டு சாயப்பட்டறையிலிருந்து ஏழரை, எட்டுக் கிலோவாகத் திரும்புவது இயற்கை. இதை அறியாத மென்பொருள் இரண்டு கிலோ காணவில்லை என்று காட்டும். எழுத்தர் என்ன செய்வார்? 'சரிக்கட்டல்' என்று ஒரு பதிவு போட்டு எண்ணை நேராக்குவார். மாதா மாதம் போடுவார். அப்படி ஒரு கதவு திறந்துவிட்டால், உண்மையிலேயே களவுபோன பட்டும் அதே கதவு வழியாகச் சத்தமில்லாமல் வெளியேறும். தணிக்கைக்கு வருபவருக்கு இரண்டும் ஒரே பெயரில் ஒரே பத்தியில் தெரியும்.

இன்னொன்று ஈரம். பட்டு காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் இழை. முற்றிலும் உலர்ந்த 100 கிராம் பட்டை 11 கிராம் ஈரத்தோடு சேர்த்து 111 கிராமாகக் கொள்வது பட்டு வணிகத்தில் ஒப்புக்கொண்ட அளவு. அந்த அளவில் 500 கிராம் நிற்கும் பட்டை எடுத்துக்கொள்வோம். ஈரம் 8 விழுக்காட்டுக்கு இறங்கினால் அதே பட்டு 486.5 கிராம் காட்டும், 14 விழுக்காட்டுக்கு ஏறினால் 513.5 கிராம் காட்டும். ஓர் இழை கூடவுமில்லை, குறையவுமில்லை, தராசில் 27 கிராம் வித்தியாசம். அடைமழையில் பாவு வாங்கி, வானம் வெளுத்த பிறகு சேலை கொடுக்கும் நெசவாளர், தான் எடுக்காத பட்டுக்குக் கடன்காரராகிறார். அனுபவமுள்ள எழுத்தர் மழை நாளை நினைவில் வைத்துக்கொண்டு கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். கணினிக்கு அந்த நினைவு இல்லை. நாம் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு.

அளவைகளும் ஒருபடித்தானவை இல்லை. பட்டு கிலோவில், ஜரிகை மார்க் கணக்கில் (ஒரு மார்க் ஏறத்தாழ 240 கிராம்), சேலை எண்ணிக்கையில், கூலி ரூபாயில். ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று சேலை வரும் என்பதால், முதல் சேலைக்குக் கூலி கொடுக்கும் நாளில் பாவின் எடைக் கணக்கை முடிக்க முடியாது. மூன்றாவது சேலை அறுத்துக் கொடுக்கும்வரை அது திறந்தே இருக்க வேண்டும். இடையில் மார்ச் 31 வந்துவிட்டால், தறியில் நிற்கும் பாவுக்கு மதிப்புப் போட்டு ஆண்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும். இத்தனையும் ஒரு சாதாரண பாவின் கதை.

இனி தேர்ந்தெடுக்கும் முறை. மேலாண்மைப் பாடங்களில் ஒரு வழக்கம் உண்டு: தேவைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் முக்கியத்துவ மதிப்பெண் கொடுத்து, ஒவ்வொரு மென்பொருளுக்கும் பத்துக்கு இத்தனை என்று போட்டுப் பெருக்கிக் கூட்டி, அதிகம் வாங்கியதை எடுத்துக்கொள்வது. பார்க்க நியாயமாக இருக்கும். ஒரு சங்கம் எடைக் கணக்குக்கு 30, அறிக்கைகளுக்கு 25, கையாளும் எளிமைக்கு 20, விலைக்கு 25 என்று வைத்துக்கொள்கிறது என்போம். முதல் மென்பொருள் எடைக் கணக்கில் பத்துக்கு 2, மற்ற மூன்றில் முறையே 9, 9, 8 வாங்குகிறது. இரண்டாவது எடைக் கணக்கில் 9, மற்றவற்றில் ஐந்தைந்து. கூட்டிப் பாருங்கள்: முதலாவதுக்கு 66.5, இரண்டாவதுக்கு 62. பட்டை எடை போடவே தெரியாத மென்பொருள் வென்றுவிட்டது. ஒன்றில் உள்ள ஓட்டையை இன்னொன்றின் அழகு அடைத்துவிடுவதுதான் கூட்டல் முறையின் குறை. அழகான அறிக்கை எத்தனை சேர்ந்தாலும் நெசவாளரின் 27 கிராம் திரும்பி வராது.

இதற்கு மருந்து நம் பக்கத்திலேயே கல்லில் வெட்டிக் கிடக்கிறது. வந்தவாசியைத் தாண்டிப் போனால் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதியைச் சொல்கின்றன. குடவோலை என்றதும் எல்லாரும் ஓலையையும் குடத்தையும் நினைக்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, ஓலை குடத்துக்குள் போவதற்கு முன் நடக்கும் வடிகட்டல். இரண்டாவது கல்வெட்டின்படி வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வரி கட்டும் சொந்த நிலம் கால் வேலிக்குமேல். சொந்த மனையில் வீடு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் என்றால் அவருக்கும் இடமில்லை, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. நில அளவில் மட்டும் கற்றவருக்குச் சலுகை உண்டு; மற்றபடி இவற்றில் ஒன்று தவறினாலும் ஓலையில் பெயர் ஏறாது. படிப்பு அதிகம், அதனால் கணக்குக் காட்டாததை மன்னிப்போம் என்ற பேச்சுக்கே அங்கே வழியில்லை. எல்லாத் தகுதியும் உள்ளவர்களிடையே மட்டும்தான் சீட்டு. அந்தச் சபை பிராமணர்களுடையது, நிலமில்லாதவருக்கு அதில் குரலில்லை. அந்தப் பாதியை விட்டுவிட்டு, முறையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அப்படியானால் நம் சங்கத்துக்கான தகுதிகள் எவை? செய்முறையில் போகும் எடையை ஒவ்வொரு சாய ஈட்டுக்கும் தனியாகப் பதியவும், சங்கம் தீர்மானம் போட்ட அனுமதி அளவுக்குள் இருக்கும் வித்தியாசத்தை நெசவாளர் மேல் ஏற்றாமல் இருக்கவும் தெரிய வேண்டும். எந்த நாளைக் கேட்டாலும், அந்த நாளில் இன்னார் வீட்டில் எவ்வளவு பட்டும் ஜரிகையும் இருந்தன என்று சொல்ல வேண்டும். பதிந்த எண்ணை யாராவது மாற்றினால் பழைய எண், புதிய எண், மாற்றியவர், நேரம் நான்கும் அழியாமல் நிற்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்கள் இத்தகைய தடம் உள்ள கணக்கு மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. கூட்டுறவுச் சங்கம் அந்தச் சட்டத்தில் வராது. ஆனாலும் கூலியில் பிடித்தம் செய்யும் இடத்துக்கு இந்தத் தடம் ஒரு கம்பெனியைவிட அதிகமாகத் தேவை என்பது என் கட்சி. கணக்குக் காட்டாதவரை ஒதுக்கிய உத்திரமேரூரும் இதைத்தான் முதலில் கேட்டிருக்கும்.

நான்காவது தகுதி தமிழ். மெனு தமிழில் இருந்தால் போதும் என்று இதைச் சுருக்கிவிடுகிறார்கள். நம் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து உண்டு, பின்னால் குடும்பப் பெயர் இல்லை. 'கடைசிப் பெயர்' கட்டாயம் என்று அடம்பிடிக்கும் மென்பொருளில் எழுத்தர்கள் அந்தக் கட்டத்தில் புள்ளியோ தந்தை பெயரோ எதையாவது நிரப்புவார்கள். ஆறு மாதத்தில் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். ஒரே தெருவில் ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் கொண்ட இருவர் இருப்பதும் சகஜம், அப்போது இரண்டு பேர் ஒருவராகிவிடுவார்கள். உறுப்பினர் எண்ணே ஆளாக இருக்க வேண்டும், பெயர் அதற்கு அடையாளமாக நிற்க வேண்டும். இதோடு பழைய எழுத்துருச் சிக்கலும் இருக்கிறது. வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சான உறுப்பினர் பட்டியலை அப்படியே ஏற்றினால் பெயர்கள் குறிகளும் ஆங்கில எழுத்துகளுமாகச் சிதறும். 1999இல் சென்னை தமிழ்நெட் மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தரம் வகுத்தது. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதற்கு முந்தைய கோப்புகள் இன்னும் அலுவலகங்களில் உயிரோடு இருக்கின்றன. மாற்றித் தருவது யார் வேலை என்பதை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், அது நம் எழுத்தரின் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்னும்.

ஐந்தாவது தகுதியை நெசவாளருக்கு விளக்கத் தேவையில்லை. ஜக்கார்டு பெட்டியில் ஓடும் அட்டைகளைக் குத்திக் கொடுத்தவர் ஊரைவிட்டே போனாலும், கையில் இருக்கும் அட்டை தறியில் ஓடும், புட்டா விழும். டிசைனுக்குப் பணம் கொடுத்தவரிடம் டிசைன் இருக்கிறது. சங்கத்தின் கணக்கும் அப்படி இருக்க வேண்டும். மென்பொருள் விற்றவர் கடையை மூடினாலும், சந்தா கட்ட மறந்தாலும், எல்லாத் தரவையும் வேறெதிலும் திறக்கக்கூடிய வடிவில் நாமே எடுத்துக்கொள்ள முடியுமா? 'கேட்டால் தருவோம்' என்ற பதிலை இல்லை என்றே கணக்கில் கொள்ள வேண்டும்.

ஐஎஸ்ஓ 25010 என்ற பன்னாட்டுத் தரம் மென்பொருளின் குணங்களை 2011இல் எட்டாகவும், 2023 திருத்தத்தில் ஒன்பதாகவும் வகுக்கிறது. வேகம், நம்பகம், பாதுகாப்பு, பராமரிப்பு எல்லாம் அதில் உண்டு. படித்து வைத்துக்கொள்வது நல்லது. தகுதிச் சுற்றைத் தாண்டியவற்றை ஒப்பிட அது உதவும்.

யார் யார் வரிசையில் நிற்கிறார்கள்? கணக்குப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அறிந்த டாலி 1986இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனத்துடையது. வேலைக்குப் பொருள் கொடுத்து வாங்கும் கணக்கு அதில் உண்டு, வெளியாள் வசமுள்ள சரக்கைத் தனி இடமாகக் காட்டலாம். முன்னூறு நெசவாளர் என்றால் முன்னூறு கிடங்குகளைத் திறக்க வேண்டும், அதைச் சங்கத்தின் எழுத்தர் தாங்குவாரா என்று பார்க்க வேண்டும். ஆரணியிலேயே ஆள் கிடைக்கும் என்பது அதன் பெரிய பலம். மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய இஆர்பிநெக்ஸ்ட் கட்டற்ற மென்பொருள். உரிமக் கட்டணம் இல்லை, பொருளை வெளியே கொடுத்து வாங்குவதற்கும் செய்முறை இழப்புக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் அதை நமக்கேற்ப மாற்றிப் பராமரிக்கத் தெரிந்தவர் ஒருவர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உரிமம் இலவசம் என்பதால் எல்லாம் இலவசம் என்று நிர்வாகக் குழுவில் யாரும் சொல்ல விடக்கூடாது. தென்காசி மத்தளம்பாறை வரை அலுவலகம் கொண்டுபோன ஜோஹோவின் புக்ஸ், இணையத்தின் வழியே இயங்கும் கணக்கு மென்பொருள். கணக்குக்கும் ஜிஎஸ்டிக்கும் வசதியானது. தறியில் நிற்கும் பட்டுக்கு அதன் மேல் இன்னொன்று கட்ட வேண்டியிருக்கும். நான்காவதாக, உள்ளூர் இளைஞர் ஒருவர் நமக்கென்றே எழுதித் தருவது. தேவையை அச்சாகப் பிடிக்கும், அவர் சென்னையில் வேலை கிடைத்துப் போகும்வரை.

இவற்றில் எது சிறந்தது என்று இங்கே தீர்ப்பு எழுத மாட்டேன். ஒரு சங்கத்தின் நோட்டைத் திறக்காமல் அதைச் சொல்லவே முடியாது. அந்த நோட்டைத் திறப்பதுதான் அடுத்த படி.

விற்பவர் தம்முடைய மாதிரித் தரவை வைத்துக் காட்டும் விளக்கக் கூட்டம் எல்லா மென்பொருளுக்கும் சாதகமானது. பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை வகுத்தபோது 'மற்றொன்று விரித்தல்' என்று ஒன்றை வைத்தார். விளக்கக் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் இல்லை. செரிசின் இழப்பைப் பற்றிக் கேட்டால் வண்ண வரைபடம் விரியும். ஆகவே தரவு நம்முடையதாக இருக்க வேண்டும். ஒரு நெசவாளரின் ஓராண்டுப் பாஸ் புத்தகத்தைப் பெயரை மறைத்து எடுத்துக்கொள்ளுங்கள். நேரான கணக்கு வேண்டாம், முரண்டு பிடிக்கும் கணக்காகத் தேடுங்கள். உடம்புக்கு முடியாமல் பாதிப் பாவோடு தறியை மகளிடம் விட்டவர். கறை பட்டதால் கூலி குறைந்த சேலை. தீபாவளி முன்பணம் நான்கு தவணையாகக் கழிந்தது. சாயம் ஒத்துவராமல் திருப்பிக் கொடுத்த ஊடை. ஓராண்டு முழுவதையும் அந்தந்த மென்பொருளில், விற்பவர் முன்னிலையில், நம் எழுத்தரே பதிய வேண்டும். கடைசியில் கிராமும் காசும் பாஸ் புத்தகத்தோடு பொருந்துகிறதா? பொருந்தாவிட்டால் தவறு மென்பொருளிலா, பழைய நோட்டிலா? இரண்டாவதற்கும் தயாராக இருக்க வேண்டும். நோட்டு தவறு என்று தெரிந்தால், மென்பொருள் வாங்கும் முன்பே அந்த நெசவாளருக்குப் பணம் திரும்ப வேண்டும். பதிவின் நடுவில் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திப் பார்ப்பதும் தேர்வின் பகுதி.

இந்தத் தேர்வுக் குழுவில் செயலாளர், எழுத்தர், பட்டு வைத்திருக்கும் அறையின் பொறுப்பாளர் ஆகியோருடன் நெசவாளர் இருவர் உட்கார வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். தறியில் உட்காருபவர் கணவராக இருந்தாலும், தார் சுற்றுவதிலும் மிச்ச நூல் எடை எவ்வளவு என்று நினைவில் வைப்பதிலும் வீட்டுப் பெண்களின் பங்கு பெரிது. ஏற்கெனவே வாங்கிய சங்கங்களிடம் விசாரிக்கும்போது, வாங்கி ஆறு மாதம் ஆனவர்களை விட மூன்றாவது ஆண்டைத் தாண்டியவர்களைத் தேடிப் போக வேண்டும். முதல் ஆண்டில் விற்றவர் தொலைபேசியை எடுப்பார்.

எப்போது மாறுவது என்பது தனி அதிகாரம். அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 48 மாதத்தில் செய்ய வேண்டிய மாற்றத்தை 30 மாதமாகச் சுருக்கி, 1999 ஜூலையில், ஹாலோவீன் விற்பனை தொடங்கும் தறுவாயில், பல மென்பொருள்களை ஒரே வீச்சில் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. கிடங்கில் சாக்லேட் இருந்தும் சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. நமக்கு ஹாலோவீன் தீபாவளி. சங்கத்துக்குத் தள்ளுபடிக் கணக்கும் கோ-ஆப்டெக்ஸ் கொள்முதலும் ஒன்றாக வந்து முட்டும் காலத்தில் மென்பொருளைத் தொடக்கூடாது. மார்கழியில் கல்யாணம் இல்லை. அப்போது தொடங்கி பங்குனி வரை நோட்டும் கணினியும் இரண்டும் ஓடட்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டையும் ஒத்துப் பார்த்து, வித்தியாசம் ஒழிந்த பிறகு ஏப்ரல் 1 அன்று நோட்டை மூடலாம். எழுத்தருக்கு இது இரட்டை வேலை. அந்த மாதங்களுக்கு அவருக்குக் கூடுதல் சம்பளமோ உதவிக்கு ஒருவரோ தருவதை மென்பொருளின் விலையிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஐந்தாண்டுச் செலவு என்று கூட்டும்போது புதுப்பிப்புக் கட்டணம், யூபிஎஸ், தராசை இணைப்பது, பயிற்சி, கடைசியில் வெளியேறும் செலவு எல்லாம் அதில் வரும்.

2022 ஜூனில் மத்திய அரசு 63,000 தொடக்க வேளாண் கடன் சங்கங்களை ஒரே பொது மென்பொருளில் கொண்டுவர 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பயிர்க்கடன் எந்த ஊரிலும் கடன்தான் என்பதால் அது கூடிவருகிறது. பட்டுக்கும் அப்படி ஒன்று கூடிவராதா? ஆரணி, காஞ்சிபுரம், திருபுவனம், சேலம் எல்லா இடத்திலும் செரிசின் ஒரே மாதிரிதான் கரைகிறது, ஈரமும் ஒரே மாதிரிதான் ஏறுகிறது. தனித்தனியாகப் போய்க் கேட்கும் சங்கத்துக்கு விற்பவர் இருப்பதைத்தான் கொடுப்பார். பத்துச் சங்கங்கள் ஒரே தேவைப் பட்டியலோடு போனால் எழுதித் தருவார். கூட்டுறவு என்ற சொல்லைப் பெயரில் வைத்திருப்பவர்கள் இதையும் கூடிச் செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பட்டியல் எழுத உட்காருபவர்கள் கடைசியில் கிடைக்க வேண்டிய ஒரு காகிதத்திலிருந்து தொடங்கலாம். சேலையை எடை போட்டதும் நெசவாளர் கையில் போக வேண்டிய சீட்டு அது. உறுப்பினர் எண், பெயர், பாவு எண், இது எத்தனையாவது சேலை. வாங்கிய பட்டும் ஜரிகையும், கொடுத்த சேலையும் மிச்ச நூலும், கிராமில். வித்தியாசம், அதில் அனுமதி எவ்வளவு, மீதி எவ்வளவு. கூலி, சேமிப்புக்குப் பிடித்தது, முன்பணத்தில் கழித்தது, கையில் கொடுத்தது. இன்னும் அவர் வீட்டில் இருக்கும் பட்டு. எல்லாம் தமிழில், உள்ளங்கை அகலத்தில், கண்ணாடி இல்லாமல் படிக்கும் எழுத்தில். இதைக் கையாலேயே ஒருமுறை எழுதி, விலைப்புள்ளி கேட்டு அனுப்பும் கடிதத்தோடு நகல் எடுத்து இணைத்துவிடுங்கள்.